தோலில் பூட்டிய மருந்து

இருங்காட்டுக்கோட்டை என்றால் எல்லோருக்கும் ஹூண்டாய்தான். 1998-ல் இங்கிருந்து சான்ட்ரோ புறப்பட்டதிலிருந்து ஊர்ப் பெயரோடு கார் ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்குள்ளேயே காலணிக்கென்று தனிப் பூங்கா இருப்பது பலருக்குத் தெரியாது. பெங்களூரு சாலையில் இன்னும் மேற்கே போனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்கள் வரிசையாக வரும். இந்தத் தோல் தொழிலுக்கும், பல் மருத்துவர் ஈறுக்குள் செருகும் நகக்கண் அளவு மருந்துத் தகடு ஒன்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டும் கொலாஜன் என்ற ஒரே புரதத்தின் பிள்ளைகள்.

பச்சைத் தோல் உப்புப் போடாமல் கிடந்தால் ஓரிரு நாளில் நாறிவிடும். வெந்நீரில் போட்டால், சூடு 60 டிகிரியைத் தாண்டிய சற்று நேரத்தில் சுருண்டுபோகும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலுக்கு இந்தக் கதி இல்லை. பட்டையிலுள்ள டேனின் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. குரோமியம் உப்பு அதைவிடக் கெட்டியான பூட்டு. நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையே தாங்கும்.

அந்த இழையின் உருவத்தைக் கண்டுபிடித்ததும் சென்னைதான். 1952-ல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர், அப்போது சென்னைக்கு வந்துபோன பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால். எக்ஸ்ரே படம் எடுக்க நல்ல மாதிரி வேண்டுமே? அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. மெட்ராஸில் கங்காரு வால்! சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் கண்ட விடை 1954-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. மூன்று சங்கிலிகள் முறுக்கிப் பின்னிய சடைதான் கொலாஜன். சங்கிலியில் மூன்றாவது இடத்திலெல்லாம் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சின்னதான அதற்குத்தான் சடையின் நடுவில் இடமிருக்கிறது. அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். சரி, எவ்வளவுதான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் கணக்குப் போட உட்கார்ந்ததில், 1963-ல் உலகப் புகழ்பெற்ற ‘ராமச்சந்திரன் வரைபடம்’ பிறந்தது. குறை சொன்னவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

தோல் நிலையத்தில் பின்னாளில் கே. பாண்டுரங்க ராவ் இதே கொலாஜனில் வேறொன்றைப் பார்த்தார். உடம்பு அதை அந்நியமாக நினைத்து அதிகம் முரண்டு பிடிப்பதில்லை; வேலை முடிந்ததும் உடம்பின் நொதிகளே கரைத்துவிடும். அதற்குள் மருந்தை வைத்தால் என்ன? பெரிய மூலக்கூறுகளையும் பாலிமரிலிருந்து நாள்கணக்கில் கசியவிட முடியும் என்று பாஸ்டனில் ராபர்ட் லாங்கரும் ஜூடா போக்மனும் 1976-லேயே காட்டியிருந்தார்கள். ராவும் ஆர். ஜெயந்தியும் கொலாஜனோடு மென்மையான கான்டாக்ட் லென்ஸ் செய்யும் பாலிமரைச் சேர்த்து, அந்தக் கூழில் புற்றுநோய் மருந்துகளை ஏற்றி, அவை வெளிவரும் வேகத்தை அளந்தார்கள். 1990-ஐ ஒட்டி வந்த ஆய்வுகள் இவை.

வேகம்தான் இங்கே எல்லாம். மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் மருந்து சரசரவென்று ஏறி, பிறகு இறங்கிவிடும். கொலாஜன் தகட்டிலோ இழைகளைப் பூட்டிய கணக்குப்படி கசியும். பூட்டு தளர்ந்தால் மருந்து ஒரே நாளில் கொட்டித் தீரும். இறுகினால் தகடு கரையாமல் கிடக்கும். பூட்டப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு டேனரியிலும் புழங்கும் சரக்குதான். அது மிஞ்சினால் செல்களுக்கு நஞ்சு. செருப்புத் தோலுக்கு எவ்வளவு பூட்டினாலும் தகும். மருந்துத் தகட்டுக்கு எண்ணித்தான் போட வேண்டும்.

ஈறு நோய் முற்றினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல ஓர் இடுக்கு விழும். வாய் கொப்பளிக்கும் மருந்து அதன் அடிவரை இறங்காது. சென்னையைச் சேர்ந்த யூகேர் நிறுவனத்தின் ‘பெரியோகால்-சிஜி’ அந்த இடுக்குக்கானது. நீளம் 5 மில்லிமீட்டர், அகலம் 4, உள்ளே 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. முதல் நாள் கொஞ்சம் தாராளமாகவும், பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் சீராகவும் மருந்து கசியும். தகட்டை எடுக்க மறுபடி மருத்துவரிடம் போக வேண்டாம், தானே கரைந்துவிடும்.

இதன் கொலாஜன் மாட்டுத் தோலிலிருந்து வருவதல்ல, மீனிலிருந்து வருவது. பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் பரவிய பிறகு மாட்டுக் கொலாஜன் என்றாலே உலகெங்கும் தயக்கம். மதம் சார்ந்த தடைகளும் உண்டு. மீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மீன் கொலாஜன் குறைந்த சூட்டிலேயே குலைந்துவிடும். குளிர்கடல் மீன் என்றால் இன்னும் சீக்கிரம். அதனால் பூட்டு வேலை இன்னும் நுணுக்கமாகிறது.

இருங்காட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்று பூங்கா அமைக்க மத்திய அரசு 2021-ல் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கார் உதிரிபாகம் செய்து பழகிய வட்டாரத்துக்குக் கொலாஜன் புதுவிதமான சரக்கு. இரும்பைப் போல நீராவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது, ஜெலாட்டினாகிக் குழைந்துவிடும். காமா கதிரில் வைத்தால் பூட்டுகளே மாறக்கூடும். அப்படி மாறினால், தானே கரைய வேண்டிய தகடு இப்போது எத்தனை நாளில் கரைகிறது என்று முதலிலிருந்து அளந்தாக வேண்டும்.