பிக்கப் வண்டியும் பெட்ரோல் அழுத்தமும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் நின்றவுடன் அதனுள் யாவும் அடங்கிவிட்டன என்று எண்ணுதல் மனித இயல்பு. அமெரிக்க நாட்டில் சுமையேற்றும் பிக்கப் வண்டியை வைத்திருப்போர் பலர், சிறு பழுதுகளைத் தம் வீட்டு முற்றத்திலேயே தாமே பார்த்துக்கொள்வர். பெட்ரோல் வடிகட்டியை மாற்றப் புகுங்கால் மேற்கூறிய எண்ணமே அவர்க்குப் பகையாய் முடிதல் உண்டு. அதன் காரணத்தையும் காப்பையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கார்புரேட்டர் பொருந்திய பழைய வண்டிகளில் பெட்ரோலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 இராத்தல் அளவே. குழாயைக் கழற்றினால் சிறிது சொட்டும், அவ்வளவே. பின்வந்த இன்ஜெக்டர் வண்டிகளிலோ பெட்ரோலை நுண்துளிகளாகத் தூவவேண்டியிருத்தலின், மின்சாரப் பம்பொன்றால் அழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தினர். 1999ஆம் ஆண்டுச் செவ்ரோலே சில்வராடோவின் 5.3 லிட்டர் எஞ்சினில் அது ஏறக்குறைய 60 இராத்தல். சாதாரண மோட்டார்க் கார் டயரிலுள்ள காற்றழுத்தத்தின் இருமடங்கு எனலாம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பவேண்டுமென்று, பெட்ரோல் பின்வாங்காதபடி பம்பில் ஒரு வால்வும் வைத்துள்ளனர். ஆகவே எஞ்சின் நின்று நெடுநேரமாயினும் அழுத்தம் குழாயினுள் ஓசையின்றிக் காத்திருக்கும். அறியாது இணைப்பைத் தளர்த்துவோன் கண்ணிலும், சூடாறாத புகைக்குழாயின் மீதும் பெட்ரோல் பீறிடும். அதன் ஆவி கடுங்குளிரிலும் தீப்பற்ற வல்லது. காற்றினும் கனமாகையால் தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் நாடும்.

இதற்கு எளிய வழி, அவ்வழுத்தத்தை எஞ்சினே குடித்துத் தீர்க்கும்படி விடுதலாம். எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், தொட்டியின் மூடியைத் தளர்த்துக. பின்பு பெட்ரோல் பம்பின் பியூஸையேனும் ரிலேயையேனும் பிடுங்கிவிட்டு எஞ்சினைக் கிளப்புக. குழாயில் எஞ்சியதைக் கொண்டு அது சில நொடி ஓடித் தானே ஓயும். மீண்டும் ஓரிருமுறை ஸ்டார்ட்டரைச் சுழற்றியபின் சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. பழைய போர்டு எப்-150 வண்டிகள் பலவற்றில், விபத்து நேரின் பம்பை நிறுத்துதற்கென ஒரு விசை உண்டு. அதன் மின்னிணைப்பை எடுப்பினும் இப்பயனே கிட்டும். சிலர் எஞ்சின் மேலுள்ள சோதனை வால்வைத் திருப்புளியால் அழுத்திப் பெட்ரோலைப் பீறவிடுவர். இது தீயை வலிந்து அழைப்பதாம்.

அழுத்தம் நீங்கினும் பெட்ரோல் குழாயில் தங்கியிருக்கும். ஆதலின் கண்ணாடியணிந்து, இணைப்பைத் துணியாற் சுற்றி, மெல்லத் திறத்தல் வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டுமிடத்தில் இருத்தல் நன்று.

நிற்க. இம்முறை எல்லா வண்டிக்கும் போதாது. 2011இல் எப்-150இல் வந்த ஈகோபூஸ்ட் எஞ்சினில் உயரழுத்தப் பகுதி 2,000 இராத்தலையும் கடக்கும். இக்காலத்து டீசல் பிக்கப்புகளிலோ 20,000 இராத்தலையும் மிஞ்சும். அத்தகைய தாரை தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி குத்தியதுபோற் சிறிதாய்த் தோன்றினும், உடனே அறுவை வைத்தியரிடம் செல்லவேண்டியதாம். அவற்றிற்கு அவ்வவ் வண்டிக்குரிய பழுதுபார்ப்பு நூலே வழி.

வேலை முடிந்தபின் பியூஸையும் பேட்டரிக் கம்பியையும் பொருத்தி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் இருமூன்று முறை திருப்பினால் பம்பு சிறிது ஓடி அழுத்தத்தை மீட்கும். அப்பொழுது இணைப்புகளில் ஈரம் கசியாமை கண்டபின்னரே எஞ்சினைக் கிளப்புதல் வேண்டும்.