பச்சை முனைக்கு அந்தப் பக்கம்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த தம்பி, பையைத் திறந்ததும் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். "வெட்டுற கண்ணாடித் துணுக்கெல்லாம் இதுக்குள்ள போகணும்க்கா. கால்ல ஏறிட்டா கண்ணுக்கே தெரியாது."

மாடி அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், வைஃபை வேண்டாம் என்றேன். "அப்ப பிரிட்ஜ் மோடுல போட்டுரலாம்" என்றார். எனக்குக் கை பரபரத்தது. இதை அருகில் உட்கார்ந்து பார்க்க எத்தனை நாளாக ஆசை!

கருப்பு உறையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவரில் வைத்து ஒரு 'டிக்'. ஸ்ப்ளைசிங் மெஷினின் குட்டித் திரையில் இரண்டு கண்ணாடி இழைகள் மூங்கில் கழி மாதிரிப் பெரிதாகத் தெரிந்தன. உண்மையில் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு பருமன். ஒளி ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். மெஷின் தானாகவே இரண்டையும் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தது. பளீரென்று ஒரு மின்பொறி. கண்ணாடி உருகி ஒன்றானது. ஒட்டின இடம் எது என்று திரையில் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவே இல்லை!

ஒட்டிய இழையின் பச்சை முனையைப் பவர் மீட்டரில் செருகினார். மைனஸ் 19 டி.பி.எம். வாட் கணக்கில் சொன்னால் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அவ்வளவு துளி ஒளியை நம்பித்தான் எல்லாமே. வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், போவது 1310. இரண்டும் ஒரே இழையில், எதிரெதிர்த் திசையில், ஒன்றையொன்று இடிக்காமல். தெருவில் பலருக்கும் பொதுவான இழை இது. அதனால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓ.எல்.டி. என்ற கருவி, இழை வந்து சேரும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியின் தூரத்தையும் ஒளி போய்வரும் நேரத்தை வைத்து அளந்து, பேச முறை ஒதுக்குகிறது. முறை வராதவரை என் பெட்டியின் லேசர் வாய் திறக்காது.

இழையைப் பெட்டியில் செருகியாயிற்று, அடுத்தது பிரிட்ஜ். ரூட்டராக வேலை செய்திருந்தால் இந்தப் பெட்டியே பாஸ்வேர்டு சொல்லி, இணைய முகவரியை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கும். பிரிட்ஜ் எதையும் தன் பெயரில் வாங்காது. ஒளியில் வருகிற ஈதர்நெட் சட்டகத்தை மின்சாரமாக்கி இந்தப் பக்கம் விடும், இங்கிருந்து போவதை ஒளியாக்கி அந்தப் பக்கம் விடும். முகவரி நேராகக் கம்ப்யூட்டருக்கே வரும். (ஃபயர்வாலை முன்பே போட்டுவிட்டேன். நடுவில் தடுக்க யாருமில்லையே.)

கேபிளைச் செருகி, போகவரும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துவிட்டு, பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பை அழுத்தினேன். முதல் பொட்டலம் புறப்பட்டது. பெறுநர் கட்டத்தில் பன்னிரண்டு எஃப், அதாவது 'யார் இருந்தாலும் சரி'. என் கம்ப்யூட்டர் ஊரைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது! கண் சிமிட்டுவதற்குள் எங்கோ இருக்கும் ஒரு மெஷின் தன் பெயரைச் சொல்லி, 'நான் இருக்கிறேன்' என்றது. 'உன்னிடமே பேசுகிறேன்' என்றது இது. 'சரி, இந்தா உன் செஷன் எண்' என்றது அது. நாலே பொட்டலம். பாஸ்வேர்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"நெட் வந்துருச்சாக்கா?" என்று தம்பி பாட்டிலை மூடினார்.

வந்துவிட்டது. ஆனாலும் துண்டித்துவிட்டு, கம்ப்யூட்டரை இன்னொரு தரம் கூப்பிடச் சொன்னேன். மறுபடியும் பன்னிரண்டு எஃப். மறுபடியும் அதே பெயர். செஷன் எண் மட்டும் புதிது.