மின்சார கார்: வாங்கும் நாள் கணக்கும் எட்டாம் ஆண்டுக் கணக்கும்

மின்சார கார் வாங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் வட்டி விகிதம், மாதத் தவணை, ஒருமுறை சார்ஜ் செய்தால் செல்லும் தூரம் ஆகிய மூன்றையும் தவறாமல் கேட்கின்றனர். ஐந்தாம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும் அந்த வண்டியின் மதிப்பு என்னவாக இருக்கும் என்று கேட்போர் குறைவு. குடும்பச் சேமிப்பில் ஒரு பகுதியும் ஏழாண்டுத் தவணையும் இதில் அடங்கியிருப்பதால், அந்தக் கேள்விக்கே இக்கட்டுரையில் முதலிடம் தருகிறோம்.

நம் நாட்டில் மின்சார கார் புதிதன்று. 2001 இல் பெங்களூருவில் தயாரான ரேவா சாலைக்கு வந்தது. எனினும், குடும்பக் காராக அது பரவலாக விற்பனையாகத் தொடங்கியது 2020 ஜனவரியில் டாட்டா நெக்ஸான் மின்சார கார் அறிமுகமான பிறகுதான். அன்று வாங்கியோரின் வண்டிகள் இன்று சில ஆண்டுகள் ஓடிவிட்டன. எனவே நீண்டகால உரிமை குறித்துப் பேச நமக்கு இப்போது ஓரளவு அனுபவம் உள்ளது.

ஓட்டச் செலவும் தவணையும்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் எனில், ஒரு கிலோமீட்டருக்கு 6.67 ரூபாய் ஆகிறது. மின்சார கார், சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடும் என்றும், வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு 1.33 ரூபாய் ஆகும். மிச்சம் 5.33 ரூபாய்.

இதே வண்டியைப் பொது விரைவு சார்ஜரில் மட்டும் சார்ஜ் செய்தால் கணக்கு மாறுகிறது. யூனிட் 20 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் எனில், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3.93 ரூபாய் ஆகும். மிச்சம் பாதியாகிவிடுகிறது. ஆகவே, வாகனம் நிறுத்தும் இடத்தில் சொந்த மின் இணைப்பு கிடைக்குமா என்பதை முன்பதிவுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுதல் நன்று. 2024 இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின் வாகனம் சார்ஜ் செய்வதற்கென்று தனி இணைப்பு கோர முடியும்.

அடுத்து விலை வேறுபாடு. மின்சார கார்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. நடைமுறையில் உள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 18 விழுக்காடாகக் குறைந்ததால், பல மாதிரிகளில் விலை இடைவெளி கூடியிருக்கிறது. எனவே பழைய விலைப் பட்டியலை வைத்துக் கணக்கிட வேண்டா.

அந்த இடைவெளி 4 லட்சம் ரூபாய் என்றும், அது முழுவதும் 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெறப்படுகிறது என்றும் கொள்வோம். கூடுதல் தவணை மாதம் சுமார் 6,440 ரூபாய். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் சுமார் 5,330 ரூபாய். தவணைக்கு அது போதாது. மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் மிச்சம் 8,000 ரூபாய். தவணை போக மீதமுண்டு. ஏறத்தாழ 1,200 கி.மீ., அதாவது நாள்தோறும் 40 கி.மீ. என்பதே இக்கணக்கின் சமநிலைப் புள்ளி. வார இறுதியில் மட்டும் வண்டி எடுக்கும் குடும்பத்திற்கு மின்சார கார் வேறு காரணங்களால் பிடித்திருக்கலாம். சேமிப்பை அதன் காரணமாகக் கொள்ள இயலாது.

பேட்டரியின் வயது

மின்சார காரின் விலையில் பெரும்பகுதி பேட்டரியே. பல நிறுவனங்கள் அதற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் அளிக்கின்றன. இதில் மூன்று செய்திகளைப் படித்தறிய வேண்டும். முதலாவது, கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பழுது எனக் கொள்ளப்படும் என்பது. இரண்டாவது, வண்டி கைமாறினால் உத்தரவாதமும் கைமாறுமா என்பது. சில உத்தரவாதங்கள் முதல் உரிமையாளருக்கு மட்டுமே உரியவை. மூன்றாவது, எந்தப் பராமரிப்பைத் தவறவிட்டால் உத்தரவாதம் நீங்கும் என்பது.

பேட்டரியின் கொள்ளளவு படிப்படியாகவே குறையும். மிகுந்த வெப்பமும், இடைவிடாத விரைவு சார்ஜும், முழு சார்ஜுடன் பல நாள் வெயிலில் நிறுத்தி வைப்பதும் அக்குறைவை விரைவுபடுத்துகின்றன. வீட்டில் மெதுவாக சார்ஜ் செய்வது பேட்டரிக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. எந்த அளவுவரை அன்றாடம் சார்ஜ் செய்யலாம் என்பது பேட்டரியின் வேதிவகையைப் பொறுத்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு அவ்வப்போது முழு சார்ஜ் தேவை. நிக்கல் கலந்த வகைக்கு அன்றாடப் பயன்பாட்டில் 80 விழுக்காடு அளவே ஏற்றது. வண்டியின் கையேடு சொல்வதே இதில் இறுதி.

சான்றளிக்கப்பட்ட தூரத்திற்கும் சாலையில் கிடைக்கும் தூரத்திற்கும் வேறுபாடு உண்டு. முதல் நெக்ஸான் மின்சார காரின் சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கி.மீ.; அதன் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளளவு உடையது. நெடுஞ்சாலை வேகமும் குளிர்சாதனமும் சேரும்போது அத்தூரத்தில் கணிசமாகக் குறையும். எட்டாம் ஆண்டில் பேட்டரியின் கொள்ளளவும் குறைந்த பின் கிடைக்கும் தூரம் உங்கள் அன்றாடப் பயணத்திற்குப் போதுமா என்று பாருங்கள். போதும் எனில், அந்த வண்டி உங்களுக்கு நெடுநாள் உழைக்கும்.

பராமரிப்பும் காப்பீடும்

எஞ்சின் ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக் ஆகிய செலவுகள் இல்லை. வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உற்பத்தி செய்து வண்டியை மட்டுப்படுத்துவதால் பிரேக் தேய்மானமும் குறைவு. ஆனால் வண்டியின் எடையாலும் உடனடி இழுவிசையாலும் டயர் விரைவில் தேயலாம். பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம், 12 வோல்ட் துணை பேட்டரி ஆகியவற்றையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணத்தில் 2022 ஜூன் முதல் மின்சார கார்களுக்கு 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு. சொந்தச் சேதத்திற்கான பகுதியிலோ கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளநீர் புகுந்து பேட்டரி கெட்டால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாக உதவாது. பேட்டரிக்கும் சார்ஜருக்கும் பாதுகாப்பு தரும் கூடுதல் பிரிவு பாலிசியில் உள்ளதா எனப் பாருங்கள்.

கடனும் மறுவிற்பனையும்

மின்சார காரை விற்கும்போது கிடைக்கும் விலையை உறுதியாகச் சொல்வது இன்னும் கடினமாகவே உள்ளது. புதிய மாதிரிகள் கூடுதல் தூரத்துடன் வருவதால் பழையவற்றின் விலை இறங்குகிறது. இதில் கடன் வாங்குபவருக்கு ஓர் இடர் உண்டு.

15 லட்சம் ரூபாய் காருக்கு 12 லட்சம் ரூபாய் கடனை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக்குப் பெற்றால், தவணை சுமார் 19,300 ரூபாய். மூன்றாண்டு முடிவில் நிலுவை ஏறத்தாழ 7.76 லட்சம் ரூபாய். அப்போது வண்டி பாதி விலைக்கு, அதாவது 7.5 லட்சத்துக்கு விற்றால், விற்ற பிறகும் கையிலிருந்து பணம் கட்ட நேரிடும். அதே காருக்கு 5 லட்சம் முன்பணம் செலுத்தி 10 லட்சத்தை ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால், தவணை சுமார் 20,760 ரூபாய். மாதம் 1,450 ரூபாய் மட்டுமே கூடுதல். மூன்றாண்டு முடிவில் நிலுவை 4.54 லட்சமாக இறங்கிவிடுகிறது. இடமாற்றமோ உடல்நலக் குறைவோ வந்து வண்டியை விற்க நேரும் குடும்பத்திற்கு இந்த வேறுபாடு பெரிது. கடன் காலம் எக்காரணம் கொண்டும் பேட்டரி உத்தரவாதக் காலத்தைத் தாண்டாதிருத்தல் நலம்.

மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெறும் கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் இல்லை. மின்சாரத்தில் மிச்சமாகும் தொகையை ஆண்டுக்கு ஒருமுறை அசலில் செலுத்தினால் கடன் விரைந்து முடியும். கடன் முடிந்ததும் வங்கியின் தடையின்மைச் சான்றையும் படிவம் 35 ஐயும் பெற்று, பதிவுச் சான்றிதழில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ளுங்கள்.

வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் கிடைத்த 1.5 லட்சம் ரூபாய் வரையிலான வட்டிக் கழிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கானது. இன்று பெறும் கடனுக்கு அது பொருந்தாது; அதைக் கணக்கில் சேர்க்க வேண்டா.

கடன் விண்ணப்பத்துடன் கிளைக்கு வரும்போது, கடந்த மூன்று மாதங்களில் உங்கள் தற்போதைய வண்டி ஓடிய கிலோமீட்டரையும், உங்கள் வீட்டு மின் கட்டண ரசீதையும் உடன் கொண்டு வாருங்கள். கடன் தொகையையும் காலத்தையும் அவற்றை வைத்தே சேர்ந்து முடிவு செய்வோம்.