இடம் இருக்கிறது, இடைத்தரகன் எதற்கு?

கோவில்பட்டித் தோழனே! வானம் பார்த்த கரிசல் பூமி உன்னுடையது. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, பாசி. பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ். அந்தக் கூலியில் மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்துவிட்டாய். கணிதத்தில் நல்ல மதிப்பெண். முடிவு வெளியான மறுநாளே வாசலில் வந்து நிற்கிறானே, அவன் யார்? உறவினனா? இல்லை, தரகன்! “இன்றே முன்பணம் கட்டு, இஞ்சினியரிங் சீட்டு நிச்சயம்” என்கிறான். நீயோ மனைவியின் கம்மலைப் பார்க்கிறாய்.

கொஞ்சம் பொறு. உன் மகளுக்குரிய இடத்தை உனக்கே விற்க வந்தவன் அவன். அந்த இடம் வந்த வரலாறு அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும்.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஜி.ஓ. இருந்தது. 14 இடங்கள் என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டோர்க்கு 2, பார்ப்பனர்க்கு 2, ஆதிதிராவிடர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 1, கிறித்தவர் ஆங்கிலோ இந்தியர்க்கு 1. பொறுத்தார்களா? 1950-ல் வழக்கு! செண்பகம் துரைராசன் பெயரை ஊரறியும். உடன் வழக்குத் தொடுத்த சி.ஆர்.சீனிவாசன் கேட்டதோ பொறியியற் கல்லூரி இடம். ஜி.ஓ. செல்லாது என்றது உயர்நீதிமன்றம். 1951-ல் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார், தமிழகம் கொதித்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது!

பின்னர் 1984-ல் நுழைவுத் தேர்வு என்றொரு வேலி. பயிற்சி நிலையம் பட்டணத்தில். நம் பிள்ளையோ விளாத்திகுளத்தில்! 2006-ல் கலைஞர் ஆட்சி சட்டம் இயற்றியது, 2007-ல் ஒப்புதல் கிடைத்தது, வேலி வீழ்ந்தது. 2010-ல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை. 2021-ல், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 7.5 விழுக்காடு, அவர்களுடைய கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு.

ஆனால் ஒன்று! இவையெல்லாம் கலந்தாய்வு வழியே சேர்வோர்க்கே. முன்பணம் கட்டி நிர்வாக இடத்தில் சேர்ந்தால் சலுகையும் இல்லை, 7.5-ம் இல்லை. தரகன் இதைச் சொல்வானா?

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆக 200-க்குத்தான் தரவரிசை. அதன்பின் விருப்பப் பட்டியல். அங்கேதான் நம்மவர் இடறுகிறார்கள். கிண்டி எட்டாது என்று அஞ்சிக் கீழே எழுதுகிறார்கள். ஏன் அச்சம்? மேலே எழுதியது கிட்டாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்களே தவிர, ஆசைப்பட்டதற்கு அபராதம் இல்லை! கிண்டியை எழுது, நெல்லை அரசுக் கல்லூரியை எழுது, தூத்துக்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரியை எழுது, 1984 முதல் உன் ஊரிலேயே நடக்கும் நேஷனல் பொறியியற் கல்லூரியையும் எழுது. ஆசையின் வரிசையே பட்டியலின் வரிசை.

கணினி, கணினி என்று ஊரே ஓடுகிறது. ஓடட்டும். அரசுக் கல்லூரியில் மின்னியல் கிடைக்கும்போது, ஆசிரியரே இல்லாத கட்டடத்தில் கணினி படிப்பது என்ன கணக்கோ!

கிளைத் தோழர்களே! கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசுவது இருக்கட்டும். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டும் கைக்கு வர நாளாகும். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திராமல், பிள்ளைகளை இ-சேவை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். படிப்பகத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரு மேசை போடுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஒருவர் அங்கே உட்காரட்டும். கடவுச்சொல் மட்டும் அந்தந்தப் பிள்ளையிடமே இருக்கட்டும். தரகனுக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம்.