வெப் டைரக்டரியில் இடம் பிடிக்கப் பணம் கட்டலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, உங்கள் கடைக்கோ கைத்தொழிலுக்கோ ஒரு வெப்சைட்டும் தொடங்கி விட்டீர்களா? வாழ்த்துக்கள். இன்னும் சில நாட்களில் உங்களுக்கு ஒரு போன் வரலாம். அல்லது ஒரு இ-மெயில் வரலாம். “உங்கள் தளத்தை எங்கள் டைரக்டரியில் சேர்த்து விடுகிறோம். கூகுளில் முதல் பக்கத்திலேயே வரும். ஆண்டுக்கு இவ்வளவு கட்டினால் போதும்” என்று பேசுவார்கள். இன்றைக்கே கட்டினால் பாதி விலை என்றும் சொல்வார்கள்.

கட்டலாமா, கூடாதா? சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பதால் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் நீங்களே முடிவு செய்து கொள்ள எளிய வழி இருக்கிறது. அதற்கு முன், டைரக்டரி என்றால் என்ன, அதற்குப் பணம் கட்டும் பழக்கம் எப்படி வந்தது என்று பார்த்து விடுவோம்.

டைரக்டரி வேறு, சர்ச் என்ஜின் வேறு

டெலிபோன் டைரக்டரியில் மஞ்சள் பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். ‘அச்சகங்கள்’, ‘பர்னிச்சர் கடைகள்’ என்று தொழில் வாரியாகப் பெயரும் எண்ணும் இருக்கும். வெப் டைரக்டரியும் அப்படித்தான். ஒவ்வொரு வெப்சைட்டையும் ஒருவர் பார்த்து, அது எந்தத் தலைப்பில் வரும் என்று முடிவு செய்து, இரண்டு வரி விளக்கத்துடன் பட்டியலில் சேர்ப்பார்.

கூகுள் போன்ற சர்ச் என்ஜின் வேறு வகை. அங்கே ஒரு புரோகிராம் லிங்க் விட்டு லிங்க் தாவிப் பக்கங்களைப் படித்துச் சேமித்துக் கொள்கிறது. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டியதும் பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகிறது. இதில் இடம் பெற யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. மேலேயும் கீழேயும் வரும் விளம்பரங்களுக்குத்தான் கட்டணம்.

யாஹூவில் தொடங்கிய கட்டணம்

1994-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த ஜெர்ரி யாங், டேவிட் பைலோ என்ற இரு மாணவர்கள், தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டியல்தான் யாஹூவாக வளர்ந்தது. அந்த நாட்களில் இன்டர்நெட்டில் எதையாவது தேட வேண்டுமென்றால் பலரும் முதலில் போனது யாஹூ டைரக்டரிக்குத்தான். அதில் பெயர் இருந்தால் தளத்துக்கு ஆட்கள் வந்தார்கள். எனவே விண்ணப்பங்கள் குவிந்தன. எடிட்டர்கள் பார்த்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடின.

1999-ல் யாஹூ ஒரு கட்டணச் சேவையைத் தொடங்கியது. 199 டாலர் கட்டினால் ஒரு வாரத்துக்குள் உங்கள் தளத்தைப் பார்த்து முடிவு சொல்வார்கள். 2001-ன் இறுதியில் இது ஆண்டுக்கு 299 டாலர் என்று மாறியது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 14 ஆயிரம் ரூபாய். இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பணம் உங்கள் தளத்தைப் பார்ப்பதற்குத்தான், சேர்ப்பதற்கு அல்ல. எடிட்டர் நிராகரித்து விட்டாலும் பணம் திரும்பி வராது.

ஆனால் அதற்குள் மக்களின் பழக்கம் மாறத் தொடங்கியிருந்தது. தலைப்பு, கிளைத் தலைப்பு என்று இறங்கிப் போவதை விட, தேவையான சொல்லைத் தட்டித் தேடுவது சுலபமாக இருந்தது. 2002 அக்டோபரில் யாஹூவே தன் தேடல் முடிவுகளில் டைரக்டரியைப் பின்னுக்குத் தள்ளி, கூகுள் தந்த முடிவுகளை முன்னால் வைத்தது. கட்டணம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. பத்து ஆண்டுகள் விடாமல் கட்டிய ஒரு கடைக்காரர் 2990 டாலர் கொடுத்திருப்பார். 2014-ன் இறுதியில் யாஹூ டைரக்டரியே மூடப்பட்டது.

மற்ற இரண்டு டைரக்டரிகள்

லுக்ஸ்மார்ட் என்ற டைரக்டரி 2002-ல் சிறு நிறுவனங்களிடம் ஒவ்வொரு க்ளிக்குக்கும் 15 சென்ட் வாங்க ஆரம்பித்தது. முன்பு ஒரே தடவை கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்களும் இந்தப் புது முறைக்கு மாற்றப்பட்டதால் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. லுக்ஸ்மார்ட்டுக்கு ஆட்கள் வந்தது பெரும்பாலும் மைக்ரோசாப்டின் எம்எஸ்என் தளம் வழியாக. 2003-ல் மைக்ரோசாப்ட் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து விட்டது. 2004-ன் தொடக்கத்தோடு அந்த வழி அடைபட்டது.

டிமோஸ் என்ற டைரக்டரி நேர்மாறானது. 1998-ல் தொடங்கிய இது முழுக்க இலவசம். தன்னார்வலர்களே எடிட்டர்கள். கூகுள் கூட இதன் பட்டியலை வாங்கித் தன் பெயரில் ஒரு டைரக்டரி நடத்தி, 2011-ல் நிறுத்தியது. டிமோஸில் சுமார் 38 லட்சம் தளங்கள் இருந்தன. ஆனாலும் 2017 மார்ச்சில் அதுவும் மூடப்பட்டது. பணம் வாங்கியதும் மூடியது, வாங்காததும் மூடியது. காரணம் ஒன்றுதான்: அங்கே போய்த் தேடும் ஆட்கள் குறைந்து போனார்கள்.

ஆட்கள் வராவிட்டாலும் ஏன் கட்டினார்கள்?

நியாயமான கேள்வி. அதற்குக் காரணம் கூகுள் வரிசைப்படுத்தும் முறை. ஒரு தளத்துக்கு வேறு நல்ல தளங்களிலிருந்து லிங்க் இருந்தால், அதை ஒரு சிபாரிசு போல கூகுள் எடுத்துக் கொண்டது. இந்தக் கணக்குக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். கூகுள் டூல்பாரை நிறுவியவர்கள் எந்தப் பக்கத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் பார்க்க முடிந்தது.

உடனே ஒரு புது வியாபாரம் பிறந்தது. வாடிக்கையாளர் யாருமே வராத டைரக்டரிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ‘எங்களிடம் பணம் கட்டினால் லிங்க் தருகிறோம், கூகுளில் மேலே வரலாம்’ என்பதே அவர்கள் விற்ற சரக்கு. 500 டைரக்டரிகளில் ஒரே நாளில் சேர்த்து விடும் சாப்ட்வேர்களும் வந்தன.

கூகுள் சும்மா இருக்கவில்லை. 2005-ல் நோஃபாலோ என்ற குறியீடு அறிமுகமானது. ஒரு லிங்க்கில் இந்தக் குறியீடு இருந்தால், அதைச் சிபாரிசாக எடுத்துக் கொள்ள வேண்டாம் என்று பொருள். 2008-ல், டைரக்டரிகளில் பதிவு செய்யுங்கள் என்று தள உரிமையாளர்களுக்குத் தான் சொல்லி வந்த யோசனையை கூகுள் நீக்கி விட்டது. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. விலைக்கு வாங்கிய லிங்க்குகளை நம்பியிருந்த தளங்கள் பல, தேடலில் சடசடவென்று கீழே போயின. காசு கொடுத்து லிங்க் வாங்கியவர்களே, அந்த லிங்க்குகளை எடுத்து விடுங்கள் என்று டைரக்டரிகளிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. அந்த டூல்பார் மதிப்பெண்ணும் 2016-ல் போய் விட்டது. தரமற்ற டைரக்டரி லிங்க்குகளை இன்றும் கூகுள் தன் விதிகளில் ஸ்பாம் வகையில்தான் வைத்திருக்கிறது.

ஆகவே ‘கூகுளில் மேலே வரலாம்’ என்று சொல்லி ஒருவர் டைரக்டரி இடத்தை விற்றால், வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். பணம் போவதோடு தளத்தின் பெயரும் கெடலாம்.

அப்படியானால் எதற்குத்தான் பணம் கட்டலாம்?

வாடிக்கையாளர்களே நேரில் வந்து தேடும் டைரக்டரி என்றால் யோசிக்கலாம். நம் நாட்டில் 1996-ல் தொடங்கிய ஜஸ்ட்டயல், போனில் கேட்டால் கடை விவரம் சொல்லும் சேவையாகவே வளர்ந்தது. அதே ஆண்டில் தொடங்கிய இந்தியாமார்ட், மொத்தமாக வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைக்கிறது. இரண்டிலும் அடிப்படைப் பதிவு இலவசம். பணம் கட்டினால் முன்வரிசை போன்ற கூடுதல் வசதிகள். இவை தவிர, கல்யாண மண்டபம், டியூஷன், வீடு மாற்றும் சேவை என்று தனித்தனித் துறைகளுக்கும் தளங்கள் உண்டு.

இங்கே உங்கள் பணம் லிங்க்குக்காகப் போவதில்லை. போன் அழைப்புகளுக்காகப் போகிறது. அது லாபமா என்பதை ஒரு பென்சிலும் காகிதமும் வைத்துக் கொண்டே பார்த்து விடலாம். நீங்கள் ஆரி வேலைப்பாடு செய்யும் தையல் கடை வைத்திருப்பதாக வைத்துக் கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 12,000 ரூபாய். செலவு போக ஓர் ஆர்டரில் உங்களுக்கு நிற்பது 300 ரூபாய். அப்படியானால் 40 புதிய ஆர்டர்கள் வந்தால்தான் கட்டிய பணமே திரும்பும். விசாரிப்பவர்களில் ஐந்தில் ஒருவர் ஆர்டர் தருகிறார் என்றால், ஆண்டுக்கு 200 பேர், அதாவது மாதம் சுமார் 17 பேர் போன் செய்ய வேண்டும். லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. ஒரே என்கொயரி பல கடைகளுக்கும் போவது இத்தகைய தளங்களில் வழக்கம் என்பதையும் மறந்து விடாதீர்கள்.

இதே கட்டணம் ஓர் ஆர்டரில் 6000 ரூபாய் நிற்கும் மாடுலர் கிச்சன் தொழிலுக்கு என்றால், இரண்டே ஆர்டர் போதும். ஒருவருக்கு வீண் செலவாக இருப்பது இன்னொருவருக்கு நல்ல முதலீடாக இருப்பது இப்படித்தான்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

1. வாடிக்கையாளர் போலத் தேடுங்கள். உங்கள் தொழிலையும் ஊரையும் கூகுளில் தட்டுங்கள். முதல் பக்கத்தில் அந்த டைரக்டரி வருகிறதா? வராவிட்டால் உங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பார்க்க வாய்ப்பு குறைவு.

2. அந்த டைரக்டரியில் உங்கள் பெயர் வரப்போகும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு முன்னால் எத்தனை கடைகள்? பட்டியலில் உள்ள தளங்கள் திறக்கின்றனவா? மூடிய கடைகளின் பெயர்கள் இருந்தால் யாரும் கவனிக்காத பட்டியல் என்று அர்த்தம்.

3. பணம் கட்டிய மூன்று கடைக்காரர்களுக்குப் போன் செய்யுங்கள். உங்கள் ஊரில் இருப்பவர் போட்டியாளர்; சொல்லத் தயங்குவார். வேறு மாவட்டத்தில் அதே தொழில் செய்பவரைக் கேளுங்கள். மாதம் எத்தனை அழைப்பு வருகிறது, அடுத்த ஆண்டும் கட்டுவீர்களா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

4. விதிமுறைகளைப் படியுங்கள். ஆண்டு முடிவில் தானாகவே புதுப்பித்துப் பணம் எடுத்துக் கொள்வார்களா? நடுவில் நிறுத்த முடியுமா? போனில் சொன்ன எல்லாவற்றையும் இ-மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள்.

5. குறைந்த காலத்துக்கு மட்டும் சேருங்கள். மூன்று மாதத் திட்டம் இருந்தால் அதுவே போதும். கல்லாப்பெட்டி அருகே ஒரு நோட்டு வைத்து, வரும் ஒவ்வொருவரிடமும் “எங்களைப் பற்றி எப்படித் தெரிந்து கொண்டீர்கள்?” என்று கேட்டுக் குறித்து வையுங்கள். முடிந்தால் டைரக்டரியில் மட்டும் தருவதற்கென்று ஒரு தனி செல்போன் எண் வைத்துக் கொள்ளுங்கள். அந்த எண் எத்தனை முறை அடித்தது என்று பார்த்தாலே தெரிந்து விடும்.

இலவசமாகக் கிடைப்பதை முதலில் பெறுங்கள்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற சேவையில் உங்கள் கடையைப் பதிவு செய்தால், கூகுள் தேடலிலும் மேப்பிலும் பெயர், முகவரி, நேரம், படம் எல்லாம் வரும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கடை உங்களுடையதுதான் என்று கூகுள் சரிபார்க்கும், அவ்வளவுதான். மைக்ரோசாப்டின் பிங் பிளேசஸும் இதே போல இலவசம். ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், மேப்பில் உங்கள் கடை நீடிக்கப் பணம் கட்டுங்கள்’ என்று யாராவது அழைத்தால் அது மோசடி.

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் உங்கள் தளத்தைச் சேர்த்தால், எந்தச் சொல்லைத் தேடி மக்கள் உங்களிடம் வருகிறார்கள் என்று பார்க்கலாம். உங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு வெப்சைட் இருந்தால் அதன் உறுப்பினர் பட்டியலில் உங்கள் தள முகவரியையும் போடச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் கடைப் பெயரும் முகவரியும் போன் எண்ணும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பில் போல வரும் கடிதம்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் டொமைனின் சர்ச் என்ஜின் பதிவு முடிகிறது, உடனே புதுப்பிக்கவும்’ என்று பில் போன்ற தோற்றத்தில் மெயில் வரும். சர்ச் என்ஜின் பதிவு என்று ஒன்றே கிடையாது. ஆண்டுதோறும் நீங்கள் கட்ட வேண்டியது டொமைன் பெயருக்கும் ஹோஸ்டிங்குக்கும்தான். அதுவும் நீங்கள் வாங்கிய நிறுவனத்திடம் மட்டும். கேட்காத டைரக்டரி பதிவுக்குப் போலி பில் அனுப்பும் கும்பல்கள் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பல வழக்குகள் தொடுத்திருக்கிறது. அவற்றில் சிக்கியவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்களே. டொமைன் வாங்கிய நிறுவனத்தின் பெயரையும் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் கம்ப்யூட்டர் மேஜை அருகே எழுதி ஒட்டி வையுங்கள். வேறு பெயரில் வரும் பில்லைப் பார்த்ததும் தெரிந்து விடும்.