தினம் தவறாத மாத்திரை: ஓர் இரத்தப் புற்றுநோயும் தம்பதியர் அறிய வேண்டியவையும்



புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டவுடனே "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று இடிந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. எல்லாப் புற்றுநோயும் ஒன்றல்ல. தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வயலுக்குப் போகலாம், பீடி சுற்றலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்ட புற்றுநோய் ஒன்று இருக்கிறது. அதுதான் நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் சுருக்கமாக 'சி.எம்.எல்.' என்பார்கள்.

மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டி வருகிறது. நம் நாட்டிலோ 30, 40 வயதுகளிலேயே அதிகம் காணப்படுகிறது. அதாவது குடும்பம் நடத்தும் வயதில், குழந்தை பெறும் வயதில் வருகிறது. ஆகையால் கணவன், மனைவி இருவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எப்படித் தெரியும்?

இந்நோய் சத்தமில்லாமல் வரும். அடையாளங்கள் இவை:

1. காரணமில்லாத அசதி. "உக்காந்தா எந்திரிக்க முடியல" என்பார்கள்.
2. உடல் மெலிதல், இரவில் வியர்த்துக் கொட்டுதல்.
3. இடது விலாவுக்குக் கீழே கனம். மண்ணீரல் வீங்குவதால் இது ஏற்படுகிறது. "ரெண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு ரொம்பிருது" என்பதும் இதனால்தான்.

இந்த அடையாளங்கள் வேறு பல நோய்களிலும் உண்டு, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் நீடித்தால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெள்ளை அணுக்கள் சாதாரணமாக ஒரு கன மில்லி மீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். இந்நோயில் அது லட்சத்தையும் தாண்டலாம். வேறு காரணத்துக்காக இரத்தம் பார்க்கும்போது தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு.

நோய் எப்படி உண்டாகிறது?

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதற்குக் கட்டளை உண்டு. அந்தக் கட்டளையைக் கொண்டு செல்லும் வேலைக்காரர்களில் முக்கியமானவை 'கைனேஸ்' என்னும் புரதங்கள். இவை செல்லுக்குள் இருக்கும் சக்திப் பொருளிலிருந்து பாஸ்பேட் என்னும் சிறு துணுக்கை எடுத்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டுகின்றன. ஒட்டியதும் அந்தப் புரதம் வேலையைத் தொடங்கும். பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டால் வேலை நிற்கும். (இது நம் உடலிலேயே இருக்கும் பாஸ்பேட். வயலுக்குப் போடும் உரத்தால் இந்நோய் வருகிறது என்று எண்ணிவிட வேண்டாம்.)

பம்புசெட் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். பச்சைப் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? வயல் நிரம்பி, வரப்பு உடைந்து, பயிர் அழுகும். சி.எம்.எல். நோயில் நடப்பதும் அதுவே. எலும்பு மஜ்ஜையில் ஒரு கைனேஸ் ஓயாமல் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்க, வெள்ளை அணுக்கள் அளவில்லாமல் பெருகுகின்றன.

பொத்தான் ஏன் சிக்கியது? ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டில் பிறக்கும் புதுப் புரதமே இந்த அடங்காத கைனேஸ். 'பி.சி.ஆர்.–ஏ.பி.எல்.' என்று அதற்குப் பெயர். பரிசோதனைச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1960-இல் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர், இந்நோயாளிகளிடம் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் 1973-இல் அது இடமாற்றத்தால் வந்தது என்று காட்டினார். ஒரு புற்றுநோய்க்கு இன்ன குரோமோசோம் கோளாறுதான் காரணம் என்று தெளிவானதும், அதற்கென்றே மருந்து தேட வழி பிறந்தது.

மாத்திரை என்ன செய்கிறது?

முன்பெல்லாம் கொடுத்த மருந்துகள் அணுக்களின் எண்ணிக்கையைத்தான் குறைத்தன, நோயை அடக்கவில்லை. நோயாளிகளில் சுமார் பாதிப் பேர் நாலைந்து ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை எல்லோருக்கும் கிட்டுவதாக இல்லை.

சுவிட்சர்லாந்து நாட்டு மருந்து நிறுவனம் ஒன்றில் நிக்கோலஸ் லைடன் குழுவினர் உருவாக்கிய 'இமாடினிப்' என்னும் பொருளை, அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் 1998-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 2001 மே மாதம் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது.

சிக்கிக்கொண்ட ஸ்டார்ட்டரை நிறுத்த, பீஸ் கட்டையைப் பிடுங்கி அந்த இடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகினால் கரண்ட் போகாது அல்லவா? அதுபோல, கைனேஸ் சக்திப் பொருளைப் பிடிக்கும் குழியில் இந்த மாத்திரை போய் உட்கார்ந்துகொள்கிறது. பாஸ்பேட் ஒட்ட முடிவதில்லை, கட்டளை நின்றுபோகிறது. நல்ல செல்களுக்குப் பெரிய சேதம் இல்லை. பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் பார்த்துப் பிடுங்குவது போன்ற இந்த முறையை 'இலக்குச் சிகிச்சை' என்கிறார்கள்.

முதலில் இம்மாத்திரை சாப்பிட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, 100 பேரில் சுமார் 83 பேர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தார்கள். இதற்கு அடங்காதவர்களுக்கு டாசாடினிப், நிலோடினிப் போன்ற மாத்திரைகளும் வந்துள்ளன. மார்பகம், நுரையீரல் ஆகியவற்றில் வரும் சிலவகைப் புற்றுநோய்களுக்கும் இவ்வாறு கைனேஸைக் குறிவைக்கும் மருந்துகள் உண்டு. பரிசோதித்து, அந்தக் கோளாறு இருந்தால்தான் அவை பலன் தரும்.

"இம்புட்டு விலையா?" என்ற கவலை

ஒரு காலத்தில் வெளிநாட்டு நிறுவனமான நோவார்ட்டிஸின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. ஏழை நோயாளிகள் பலருக்கு அந்நிறுவனமே இலவசமாகவும் கொடுத்துவந்தது. நம் நாட்டு நிறுவனங்கள் செய்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

வெளிநாட்டு நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. மும்பையில் உள்ள புற்றுநோயாளர் உதவிச் சங்கம் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். 2006-இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. தெரிந்த மருந்தின் வடிவத்தை மாற்றினால் மட்டும் போதாது, குணப்படுத்தும் சக்தியும் கூடியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம்.

அதனால் இன்று உள்நாட்டு இமாடினிப் மேலும் மலிந்துள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். நகையை அடகு வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

குணமாகிவிட்டது போல் இருக்கிறதே, நிறுத்தலாமா?

கூடாது. இந்தத் துண்டுப் பிரசுரத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

சில வாரங்களில் அணுக்கள் சரியாகிவிடும், உடம்பும் தேறிவிடும். "நல்லாத்தான இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று தோன்றும். மரத்துண்டை எடுத்தால் மோட்டார் மறுபடி ஓடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் போகவும் கூடும்.

லண்டனில் செய்து 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாத்திரை டப்பா மூடியிலேயே கருவி பொருத்திக் கணக்குப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வேளைக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 100-க்கு 94 பேருக்கு நோய் நன்றாக அடங்கியது. அதற்குக் குறைந்தவர்களில் 100-க்கு 28 பேருக்குத்தான் அடங்கியது. மாதத்தில் மூன்று மாத்திரை தவறினாலே அந்த எல்லை வந்துவிடும்.

பீடிக் கட்டில் ஒன்றும் குறையாமல் எண்ணும் நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை. கோயில் கொடைக்குப் போனாலும், சீசனுக்குக் குற்றாலம் போனாலும் மாத்திரை கூடவே வரட்டும்.

- சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கவும்.
- ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.
- குமட்டல், கண்ணைச் சுற்றி வீக்கம், காலில் சதைப்பிடிப்பு, தோல் வெளுத்தல் ஆகியவை வரலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.
- பச்சிலை மருந்தோ கடை மாத்திரையோ சேர்த்துச் சாப்பிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல ஆண்டுகள் நோய் மிக ஆழமாக அடங்கிய சிலருக்கு, டாக்டரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதற்குத் தொடர்ந்து நுட்பமான இரத்தப் பரிசோதனை வேண்டும். வீட்டில் எடுக்கும் முடிவு அல்ல அது.

கணவன் மனைவிக்கு

மனைவிக்கு இந்நோய் இருந்து மாத்திரை சாப்பிட்டு வந்தால், அந்தக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. 2008-இல் வெளியான தொகுப்பு ஒன்றில், இமாடினிப் சாப்பிட்ட தாய்மார்களின் முடிவு தெரிந்த 125 கர்ப்பங்களில் பாதியில் குழந்தை நலமாகப் பிறந்தது. 12-இல் குறைபாடு காணப்பட்டது. மற்றவற்றில் பெரும்பாலும் கரு கலைந்தது அல்லது கலைக்கப்பட்டது.

ஆகவே தகுந்த கருத்தடை முறை அவசியம். ஆணுறை, காப்பர்-டி எது ஏற்றது என்று டாக்டரிடம் கேளுங்கள். போதுமான குழந்தைகள் உள்ளவர்கள் நிரந்தர முறையைப் பற்றி யோசிக்கலாம். மாத்திரை சாப்பிடும்போது தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

குழந்தை வேண்டும் என்றால் வழி அடைபட்டுவிடவில்லை. முன்கூட்டியே சொன்னால், நோய் நன்கு அடங்கும்வரை காத்திருந்து, தகுந்த நேரத்தில் மருந்தை நிறுத்தி, தேவைப்பட்டால் கர்ப்ப காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசி கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். நாள் தள்ளிப்போனால் பயந்து ஒளிக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள்.

கணவருக்கு நோய் என்றால்? இதுவரை பதிவான பிறப்புகளில், தந்தை இமாடினிப் சாப்பிட்டதால் குழந்தைகளுக்குக் குறைபாடு கூடியதாகக் காணப்படவில்லை. ஆயினும் டாக்டரைக் கலந்து முடிவு செய்யுங்கள்.

சில கேள்விகள்

"அண்ணாச்சி, இது ஒட்டுவாரொட்டியா?" இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம். தாம்பத்திய உறவாலும் ஒட்டாது.

"எம் பிள்ளைகளுக்கும் வந்துருமாய்யா?" வராது. கோளாறு மஜ்ஜைச் செல்லில் பிற்பாடு உண்டானது. பெற்றோரிடமிருந்து வந்ததல்ல; பிள்ளைகளுக்குப் போவதும் அல்ல. இந்தக் காரணம் சொல்லிச் சம்பந்தம் பேசத் தயங்குவது தவறு.

"நாங்க செஞ்ச தப்பு என்ன?" எதுவுமில்லை. அதிகமான கதிர்வீச்சு ஒரு காரணம் என்று தெரியும். பெரும்பாலோருக்குக் காரணமே தெரிவதில்லை. மருமகள் வந்த ராசி என்று பழி போடுவது பெரும் பாவம்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். சென்னையில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உண்டு.

நினைவில் கொள்க

நீடித்த அசதியா? இரத்தம் பாருங்கள்.
நோய் என்று தெரிந்ததா? பயம் வேண்டாம், மாத்திரை உண்டு.
தேறிவிட்டதா? அப்போதும் மாத்திரையை விடாதீர்கள்.
குழந்தை வேண்டுமா? முதலில் டாக்டரிடம் பேசுங்கள், இருவருமாகப் போய்ப் பேசுங்கள்.