கீமோவுக்கு நேரம் காலம் உண்டா?

கோலார் தங்கவயலில் இருந்து கீமோவுக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் எழுந்து மாரிக்குப்பத்தில் பெங்களூரு ரயிலைப் பிடிக்கிறார்கள். அங்கே கித்வாய் மாதிரியான பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனை முடிந்து, படுக்கை கிடைத்த பிறகுதான் மருந்து ஏறும். காலையா, மாலையா என்பதை வரிசைதான் தீர்மானிக்கிறது. அந்த நேரத்துக்கும் பிறகு வரும் வாய்ப்புண், வயிற்றுப்போக்குக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்று நம்பக் காரணம் இருக்கிறது. கீமோ, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுக்கட்டியோடு வாயின் உட்சவ்வு, குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அதில் சிக்கும். இவை நாள் முழுக்க ஒரே வேகத்தில் பெருகுவதில்லை. மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதிகளும் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும்.

பிரான்சின் பிரான்சிஸ் லெவி குழுவினர் 1997-ல் பெருங்குடல் புற்று பரவிய 186 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து ஒரே சீராக ஏறியது. மீதிப் பேருக்கு ஃபுளூரோயுராசில் அதிகாலை 4 மணிக்கும் ஆக்சாலிபிளாட்டின் மாலை 4 மணிக்கும் உச்சம் தொடும்படி பம்ப் வைத்தார்கள். முதல் பிரிவில் 76 சதவீதம் பேருக்கு வந்த கடுமையான சவ்வுப்புண், இரண்டாவதில் 14 சதவீதம்தான். எத்தனை வேதனை குறைந்திருக்கும்!

ஆனால் இதேபோல் நேரம் பார்த்து மருந்து ஏற்றுவதைச் சோதித்து 2006-ல் வெளியான 564 பேர் ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் ஆயுள் கூடவில்லை. ஆண்களுக்குப் பலன் தெரிந்தது. பெண்களுக்கோ ஆயுள் குறைந்தது. எல்லாருக்கும் ஒரே மணி பொருந்தாது என்பதே இதில் நான் காணும் பாடம்.

தங்கவயல்காரர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2001-ல் மூடும்வரை சுரங்கம் ஷிப்ட் கணக்கில் ஓடியது. இன்று பெங்களூரில் இரவு வேலை பார்ப்பவர்கள் பலர். பகலில் தூங்குகிறவரின் உடல் கடிகாரம் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. ஆகவே டாக்டரிடம் உங்கள் ஷிப்டையும் தூங்கும் நேரத்தையும் கட்டாயம் சொல்லுங்கள்.

நல்ல நேரம் தேடி கீமோவை நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். கேபசிடபின் மாத்திரை என்றால் சாப்பிட்ட அரை மணிக்குள், காலைக்கும் இரவுக்கும் சுமார் 12 மணி நேர இடைவெளி விட்டுப் போடுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் காலை ரயிலுக்குக் காத்திருக்காமல் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.